தொழிற்படிப்புக்கு எம்முறை ஏற்றது?

(சிறுவாச்சூரில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினரிடையே நிகழ்த்திய பிரசங்கம்)



கூட்டுறவுச் சங்கம் கடன் கொடுத்துக் கடன் வசூலிக்கும் இடம் மட்டுமன்று என்பது தாங்கள் யாவரும் அறிந்ததே. விதைக்கும் உரத்திற்கும் நகைக்கடனுக்கும் சங்கத்தை நாடி வருகிற அங்கத்தினர், சில வருஷங்களாக வேறொரு கேள்வியையும் உடன்கொண்டு வருகின்றனர். "பையன் பத்தாம் வகுப்புத் தேறிவிட்டான். எந்தத் தொழிற்படிப்பில் விடலாம்?" என்று ஒருவர் கேட்கிறார். "உரக்கடை லைசென்ஸுக்குப் படித்துத் தேறவேண்டுமாமே! கடையைப் பூட்டிவிட்டுப் போகவேண்டுமா, தபாலிலேயே படித்துவிடலாமா?" என்று மற்றொருவர் கேட்கிறார். "பெண் வீட்டிலிருந்தபடியே கைப்பேசியிற் படிக்கிறேன் என்கிறாள். பணம் கட்டலாமா?" என்பது வேறொருவருடைய கவலை. கேள்விகள் மூன்றாயினும் பொருள் ஒன்றே. ஒரு தொழிலையோ, லைசென்ஸ் பரீட்சைக்குரிய பாடத்தையோ எந்த முறையிற் பயில்வது நலம் என்பதே அது. அதனைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

இது அற்ப விஷயமன்று. ஒரு குடியானவர் வீட்டில் வயது வந்த பிள்ளை ஒரு வருஷம் வகுப்பிற்குப் போனால், சின்ன வெங்காயம் நடுவதற்கும் மக்காச்சோளம் ஒடிப்பதற்கும் பருத்தி எடுப்பதற்கும் கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டும். கட்டிய பணத்தோடு அந்தக் கூலியையும் சேர்த்துப் பார்த்தால்தான் படிப்பின் உண்மையான செலவு தெரியும். அவ்வளவு செலவழித்தும் பரீட்சையில் தேறாவிடின், அந்தக் குடும்பம் ஒரு போகம் பொய்த்ததற்குச் சமமான நஷ்டத்தை அடைகிறது.

பணத்தினும் பெரிய நஷ்டமும் உண்டு. 2017-ஆம் வருஷம் மகாராஷ்டிரத்தில் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்தடித்த குடியானவர் பலர் நஞ்சேறி மாண்டனர். அதே பருவத்தில் நம் பெரம்பலூர்ப் பக்கத்துப் பருத்திக் கொல்லைகளிலும் மருந்தடித்தோர் சிலர் உயிர் துறந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பல மருந்துகளை ஒன்றாகக் கலந்ததும், வாயையும் மூக்கையும் மூடாமல் அடித்ததும், ஆளுயரம் வளர்ந்த செடிகளுக்கிடையே நடந்ததும் காரணங்களாகக் கூறப்பட்டன. மருந்து வாங்கப் போகிறவர் ஆலோசனை கேட்பது பெரும்பாலும் கடைக்காரரிடந்தான். அவருடைய அறிவு குறைவுபட்டால் அந்தக் குறைவைக் கொல்லையில் நிற்பவர் தம் உடம்பிற் சுமக்கிறார். ஆதலால் லைசென்ஸ் என்பது சுவரில் மாட்டும் காகிதம் அன்று. பிறர் உயிருக்கு ஒருவர் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு.

தலையும் கையும்

முதலில் ஒரு வித்தியாசத்தை மனத்திற் கொள்ளவேண்டும். எந்தத் தொழிலிலும் அறிவாற் கற்பது ஒரு பாகம், கையாற் பழகுவது மற்றொரு பாகம். இவ்விரண்டும் எல்லாத் தொழிலிலும் ஒரே அளவாக இரா.

மோட்டார் ஓட்டும் தொழிலைப் பாருங்கள். நம் ஊர் சென்னை–திருச்சி ராஜபாட்டையில் இருப்பதால் இது இங்குள்ள வாலிபர் பலரும் நாடும் தொழில். 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த மத்திய சர்க்கார் விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களில் இலகு வாகனத்திற்கு நான்கு வாரத்திற்குள் 29 மணி நேரப் பயிற்சி. அதில் பாடம் 8 மணி, வண்டியில் பழகுவது 21 மணி. கனரக வாகனத்திற்கு ஆறு வாரத்திற்குள் 38 மணி. அதில் பாடம் 16 மணி, பழக்கம் 22 மணி. விதி செய்தவர்களே தலைக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு என்று பிரித்து அளந்திருக்கின்றனர். கனரக வண்டிக்குப் பாடநேரம் இரட்டிப்பாவதையும் கவனியுங்கள். வண்டி பெரிதாகும்போது ஓட்டுகிறவர் அறிந்திருக்க வேண்டியதும் பெருகுகிறது.

இவ்வாறே ஒவ்வொரு தொழிலையும் பிரித்துப் பார்த்தால், எந்தப் பாகத்தை வீட்டிலிருந்து படிக்கலாம், எதற்கு ஆசானுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பது விளங்கும். இனி வழக்கத்திலுள்ள முறைகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முழுநேர வகுப்பு

பெரம்பலூரிலும் அரியலூரிலும் உள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் நடப்பது இம்முறை. ஓராண்டு அல்லது ஈராண்டு, நாள்தோறும் வகுப்பும் பட்டறையும் உண்டு. பிட்டர், எலெக்ட்ரீஷியன், வெல்டர் முதலிய தொழில்களுக்கு வேண்டிய இயந்திரமும் ஆயுதமும் வீட்டில் இரா. தவறாகப் பிடித்த அரத்தை உடனே திருத்திப் பிடிக்கச் செய்யும் ஆசிரியரும் வீட்டில் இரார். படிப்பை அப்போதுதான் முடித்து, குடும்ப பாரம் தலையில் ஏறாத பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல முறை இல்லை.

ஆனால் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனானவனுக்கும், கடை வைத்திருப்பவனுக்கும் இது எட்டாத கனி. வருமானத்தை நிறுத்தி வைத்துவிட்டு அவன் வருஷக்கணக்காக வகுப்பில் உட்கார முடியாது. அவனை மனத்திற் கொண்டு ஏற்பட்டவையே மற்ற முறைகள்.

தபால் வழிப் படிப்பு

தபால் வழிப் படிப்பு ஏட்டுப் படிப்பென்றும், கைத்தொழிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லையென்றும் நம்மில் பலர் எண்ணுகின்றனர். அதன் சரித்திரமோ வேறு. அமெரிக்காவில் பென்ஸில்வேனியா நிலக்கரிச் சுரங்கங்களில் விபத்துகள் மலியவே, சுரங்க மேற்பார்வையாளர் பரீட்சையிற் தேறியிருக்க வேண்டுமென்று அங்கே சட்டம் ஏற்பட்டது. பகலெல்லாம் பூமிக்கடியில் வேலை செய்யும் தொழிலாளி எந்தப் பள்ளிக்குப் போவான்? தாமஸ் ஃபாஸ்டர் என்ற பத்திரிகாசிரியர் சுரங்கத் தொழில் பற்றிய வினாக்களுக்குத் தம் பத்திரிகையில் விடை எழுதி வந்தார். அதுவே வளர்ந்து 1891-இல் தபால் வழிப் பாடமாயிற்று. ஸ்கிராண்டன் நகரத்திலிருந்து நடந்த அந்தப் பள்ளி உலகப் பிரசித்தி பெற்றது. ஆகவே, லைசென்ஸ் பரீட்சைக்குத் தயாராக வேண்டிய உழைப்பாளியின் தேவையிலிருந்து பிறந்ததே இம்முறை. நம் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் மேட், வெடிவைப்பவர், ஃபோர்மன் ஆகியோர்க்குத் தகுதிச் சான்று வேண்டுமென்று 1961-ஆம் வருஷத்துச் சுரங்க விதிகள் கூறுகின்றன. ஆகையால் அந்தத் தேவை நமக்கும் அந்நியமானதன்று.

ஆனால் அந்தப் புகழ்பெற்ற பள்ளியிலும் சேர்ந்தவர் பலர், முடித்தவர் சிலரே. புத்தகம் வந்த வாரத்தில் இருக்கும் உற்சாகம் மூன்றாம் மாதத்தில் இருப்பதில்லை. சந்தேகம் எழுந்தால் உடனே கேட்க ஆளில்லை. பாடம் பரணுக்கு ஏறுகிறது.

நம் கூட்டுறவுத் துறையிலேயே உதாரணம் உண்டு. 1914-இல் தோன்றிய சென்னை மாகாணக் கூட்டுறவு யூனியன், இன்று தமிழ்நாடு கூட்டுறவு யூனியன் என வழங்குகிறது. அதன் கீழுள்ள கூட்டுறவு மேலாண்மை நிலையங்கள் கூட்டுறவு டிப்ளொமாவை முழுநேரமாகவும் தபால் வழியாகவும் நடத்தி வந்திருக்கின்றன. திருச்சிராப்பள்ளியிலும் ஒரு நிலையம் உண்டு. சங்கத்திலேயே வேலை பார்த்துக்கொண்டு தபால் வழிப் பயிலுகிறவருக்குக் கணக்குப் புத்தகமும் ரொக்கப் பேரேடும் நாள்தோறும் கண்முன் இருக்கின்றன. பாடத்தில் படித்ததை மறுநாளே கையாற் செய்துபார்க்கிறார். அவருக்குத் தபால் வழி குறைந்த முறையன்று. சங்க வாசலையே மிதித்தறியாத வாலிபர் அதே பாடத்தைத் தபாலிற் படித்தால் ஐந்தொகை என்பது அவருக்கு வெறும் சொல்லாகவே நிற்கும். முறை ஒன்றே, பயில்கிறவரின் நிலைமை பயனை மாற்றுகிறது.

கைப்பேசி வழிப் படிப்பு

தபாலின் இடத்தைக் கைப்பேசி இப்போது பிடித்திருக்கிறது. 2017-இல் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய ஸ்வயம் என்னும் ஏற்பாட்டில் பாடங்களை இலவசமாகப் பயிலலாம். சான்றிதழ்ப் பரீட்சைக்கு மட்டுமே கட்டணம். நல்ல ஆசிரியரின் குரலைக் குடிசைக்குள் கொண்டுவருவது சிறிய காரியமன்று. புரியாத இடத்தை நான்கு முறை திரும்பக் கேட்கலாம் என்பதும் பெரிய செளகரியம்.

ஆயினும் பழைய நோய் இங்கும் தொடருகிறது. ஹார்வர்டு கலாசாலையும் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் நடத்திய இணைய வழிப் பாடங்களை ஆராய்ந்து 2019-இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. 2017–18-இல் அவற்றிற் சேர்ந்தவரில் நூற்றுக்கு மூவரே பாடத்தை முடித்தனர். சான்றிதழுக்கென்று பணம் கட்டிச் சேர்ந்தவரில் நூற்றுக்கு 46 பேர் முடித்தனர். வேடிக்கை பார்க்க வந்தவரும் அந்தக் கணக்கில் அடங்குவர் என்பது மெய்யே. ஆனாலும் நோக்கமும் பொறுப்பும் உடையவரிற் கூடச் சரிபாதிக்கு மேற்பட்டோர் வழியிலே நின்றுவிட்டனர் என்பதை மறக்கலாகாது.

வாரத்தில் ஒரு நாள்

வேலையை விடவும் கூடாது, வகுப்பையும் விடக்கூடாது என்பவர்க்கு ஏற்பட்டது இம்முறை. ஹைதராபாத்திலுள்ள மேனேஜ் என்னும் தேசிய வேளாண்மை விஸ்தரிப்பு நிலையம் 2003-இல் இடுபொருள் வியாபாரிகளுக்கென ஒரு டிப்ளொமாவைத் தொடங்கிற்று. டேசி என்பது அதன் சுருக்கப் பெயர். 48 வாரம், வாரம் ஒரு நாள். 40 நாள் வகுப்பு, 8 நாள் வயல் பார்வை. ஞாயிற்றுக்கிழமையிலோ, அவ்வூர்ச் சந்தை விடுமுறையிலோ வகுப்பு வைக்கலாம் என்பது ஏற்பாடு. கடைக்காரரைப் பாடத்தினிடம் இழுக்காமல், பாடத்தைக் கடைக்காரரின் ஓய்வு நாளுக்குக் கொண்டுவந்த சிறப்பு இதனுடையது.

ஓய்வு நாள் எல்லா ஊருக்கும் ஒன்றன்று. நம் சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் சந்நிதி திங்களிலும் வெள்ளியிலும் திறக்கிறது. அந்நாட்களில் பூக்கடைக்காரர் முதல் வண்டிக்காரர் வரை ஒருவருக்கும் நிற்க நேரமிராது. இவ்வூரில் வகுப்பு வைக்கிறவர் அந்த இரண்டு நாட்களைத் தவிர்க்காவிடின், ஆசிரியரும் பலகையும் மட்டுமே வகுப்பில் இருக்கும்.

ஒரே வியாபாரத்தில் மூன்று அளவான பயிற்சிகள் இருப்பதையும் இங்கே ஒப்பிடலாம். உரம் விற்கப் புதிதாக முற்படுகிறவர், வேளாண்மைப் பட்டமோ டிப்ளொமாவோ இல்லாவிடின், குறைந்தது 15 நாள் சான்றிதழ்ப் பயிற்சி பெறவேண்டும். பூச்சிமருந்து விற்கத் தக்க பட்டமோ ஓராண்டு வேளாண்மை டிப்ளொமாவோ வேண்டும். அத்தகுதி இல்லாமல் முன்னமே லைசென்ஸ் பெற்றிருந்த வியாபாரிகளுக்கு 12 வாரப் பயிற்சி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. இவற்றுள் குறுகியதே லாபம் என்று தோன்றலாம். ஆனால் 48 வாரப் படிப்பு விதைப்பு முதல் அறுவடை வரை எல்லாப் பருவத்தையும் தொட்டுச் செல்கிறது. இந்த வாரம் வகுப்பிற் கேட்ட புழுவை அடுத்த வாரம் ஒரு குடியானவர் இலையோடு கடைக்குக் கொண்டுவருகிறார். பதினைந்து நாளில் அந்தச் சந்தர்ப்பம் வாய்ப்பது அரிது.

சிறிது சிறிதாகக் கற்பதன் பயனை இங்கிலாந்துத் தபால் இலாகாவிலும் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். தபாற்காரருக்குத் தட்டெழுத்துப் பயிற்சி அளித்தபோது ஒரு கூட்டத்தாருக்குத் தினம் ஒரு மணி நேரமும், மற்றொரு கூட்டத்தாருக்குத் தினம் நான்கு மணி நேரமும் வைத்தனர். 1978-இல் வெளியான முடிவின்படி, முன்னவர் ஏறக்குறைய 35 மணி நேரத்திற் கற்ற எழுத்துப் பலகையைப் பின்னவர் கற்க ஏறக்குறைய 50 மணி நேரம் ஆயிற்று. ஆனால் தினம் ஒரு மணி படித்தவர்க்கு நாள் அதிகம் சென்றது. அதனால் தாங்கள் பின்தங்கிவிட்டதாக எண்ணி அவர்களே அதிருப்தியும் கொண்டனர்! விரைவில் முடிகிற படிப்பே நல்ல படிப்பு என்று நம் மனம் நம்மை ஏமாற்றக் கூடும் என்பதற்கு இது சாட்சி.

தங்கிப் பயிலும் குறுகிய பயிற்சி

குறுகிய பயிற்சிகள் எல்லாம் வீண் என்று கருதலாகாது. 1982-இல் கர்நாடகத்து உஜிரேயில் தர்மஸ்தலத்தார் இரண்டு பாங்குகளுடன் கூடி ஒரு சுயவேலைப் பயிற்சி நிலையம் தொடங்கினர். அதனை முன்மாதிரியாகக் கொண்டு ஜில்லாதோறும் பாங்குகள் கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களை நடத்துகின்றன. பெரம்பலூரிலும் ஒன்று உண்டு. சில வாரம் பயிற்சி. உணவும் ஜாகையும் இலவசம். தையல், கைப்பேசி பழுதுபார்த்தல், கறவைமாடு வளர்த்தல் போன்றவற்றிற்கு இது பொருந்தும். இதன் உயிர் அந்தச் சில வாரத்தில் இல்லை. பயிற்சிக்குப் பின் இரண்டு வருஷம் வரை பயின்றவரைத் தொடர்ந்து கவனித்து, கடனுக்கும் தொழிலுக்கும் வழிகாட்டும் ஏற்பாட்டில் இருக்கிறது. குறுகிய பயிற்சி எதனிலும், "முடிந்த பிறகு எங்களை யார் பார்ப்பார்கள்?" என்று கேளுங்கள். அதற்கு விடையில்லாத பயிற்சிக்குப் பணம் கட்டுவது உசிதமன்று.

மேஸ்திரியிடம் பழகுதல்

நம் நாட்டில் மிகப் பழைய முறை இதுவே. சட்டமும் இதனை மதிக்கிறது. தமிழ்நாட்டில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் பரீட்சைக்குப் பள்ளிப் படிப்பு அவசியமில்லை. 21 வயது நிறைந்து, வயரிங் தொழிலில் ஐந்து வருஷத்திற்குக் குறையாத அநுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். மாலை வகுப்பிற் பயின்று தேறியவரும் இதற்கு வரலாம். கையாற் கற்றவனுக்குச் சர்க்கார் திறந்து வைத்திருக்கும் வாசல் இது. நம் ஊர்களில் மோட்டார் கொட்டகைகளுக்குக் கம்பியிழுத்துக்கொண்டு சான்றிதழ் இல்லாதிருக்கும் எத்தனையோ பேர் இதனை அறியாமலே இருக்கின்றனர்.

ஆனால் மேஸ்திரியின் திறமையோடு அவருடைய பிழையும் சிஷ்யனுக்கு வந்து சேரும். நிலத்தொடர்புக் கம்பி இல்லாமலே முப்பது வருஷம் வேலை செய்தவரிடம் பழகினவன், அது இல்லாமலிருப்பதே முறை என்று எண்ணுவான். "இப்படிச் செய்" என்பதோடு "ஏன் இப்படி" என்பதையும் அறிவதற்குப் பாடம் வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது; ஏடே இல்லாத கையோ மின்சாரத்தில் உயிருக்கு உதவாது.

நம் சங்கம் செய்யக்கூடியது

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை விளங்குகிறது. எந்த முறையும் தன்னளவில் உயர்ந்ததுமன்று, தாழ்ந்ததுமன்று. தொழில் கேட்கும் கைப்பழக்கம், பயில்பவருக்குள்ள ஓய்வு, பிழையைத் திருத்த அருகில் ஓர் ஆள் ஆகிய மூன்றும் பொருந்தினால் படிப்பு பலிக்கும். முதலிரண்டையும் குடும்பத்தார் ஆலோசிக்க வேண்டும். மூன்றாவது குறையும் இடத்தில் அதனை நிரப்பச் சங்கத்தால் முடியும். அதற்குச் சில யோசனைகள்:

1. படிப்பிற்குக் கடன் கேட்டு வரும் அங்கத்தினரிடம், "இந்தச் சான்றிதழை லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி ஏற்பாரா?" என்று முதலிற் கேட்க வேண்டும். அழகான முத்திரை பதித்த சான்றிதழ்கள் எல்லாம் செல்லுபடியாகும் என்று நினைக்கலாகாது. பணம் கட்டுமுன் உரிய ஆபீசில் விசாரித்து வரும் பொறுப்பைக் காரியதரிசி ஏற்கலாம். வேளாண்மைப் பயிற்சிகளைப் பற்றி வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தாரை அணுகிக் கேட்கலாம்.

2. கைத்தொழில் பாகம் பெரிதாயின் தபாலையோ கைப்பேசியையோ மட்டும் நம்பவேண்டாம். நகை மதிப்பீடு இதற்கு உதாரணம். கூட்டுறவு மேலாண்மை நிலையங்கள் அதற்குப் பயிற்சி அளிக்கின்றன. மாற்றைப் பற்றிப் புத்தகத்தில் படிக்கலாம். உரைகல்லில் இழைத்த கோட்டின் நிறத்தைக் கண்தான் பழகவேண்டும். அது தவறினால் நஷ்டம் சங்கத்தினுடையது, அதாவது நம் யாவருடையது.

3. தபால் வழியாகவும் கைப்பேசி வழியாகவும் படிப்போர்க்காக வாரத்தில் ஒரு மாலை சங்கக் கட்டடத்தில் விளக்கேற்றி இடம் கொடுக்கலாம். திங்களும் வெள்ளியும் நீங்கலாக எந்த நாளாயினும் சரி. வெவ்வேறு பாடம் படிப்பவராயினும் நால்வர் ஒருங்கே உட்கார்ந்தால், ஐந்தாம் வாரத்தில் வராதவனை, "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஓர் ஆள் இருப்பான். தனியே படிப்பவனைப் பாதி வழியில் நிறுத்துவது, அப்படிக் கேட்பார் இல்லாமையே. ஆசிரியர் சம்பளம் இல்லாமலே சங்கம் செய்யக்கூடிய உதவி இது.

4. பெண்மக்களை இதில் மறக்கலாகாது. அவர்கள் கைப்பேசி வழியை நாடுவது ஆசையால் மட்டுமன்று. பஸ் ஏறி மாலையில் திரும்புவது அவர்களுக்கு எளிதாயிராததால். அவர்களுக்குத் தோதான நேரத்தில் பகற்கூட்டம் ஒன்று வைக்கலாம்.

5. சங்கத்தின் உதவியாற் பயின்றவர், முடித்த பின் பொதுக்கூட்டத்தில் தாம் கற்றதை அரை மணி நேரம் எடுத்துச் சொல்லவேண்டும். மருந்துக் கலவையைப் பற்றி ஒருவர் பயின்றால் கொல்லைக்குப் போகும் ஐம்பது பேர் அதனை அறியட்டும்.

சகோதரர்களே! 1904-இல் நம் மாகாணத்துத் திரூர் கிராமத்தார் முதற் கடன் சங்கத்தை நிறுவியபோது, தனித்து நின்றால் வட்டிக்காரரிடம் சிக்குகிற குடியானவன், கூடி நின்றால் மீள்வான் என்று நம்பியே தொடங்கினர். பணத்திற் கண்ட அந்த உண்மை படிப்பிற்கும் பொருந்தும். பிள்ளைகளை எந்த முறையில் விட்டாலும், தனியே விட்டுவிடாதீர்கள். வாரத்தில் ஒரு மாலை இந்தக் கட்டடத்தின் விளக்கு சற்று நேரம் கூட எரியட்டும். அதற்கு ஆகும் மின்சாரச் செலவைச் சங்கத்தின் நஷ்டக் கணக்கில் எழுத வேண்டியிராது என்பது என் நம்பிக்கை.